மஞ்சள் கோடு

கோட்டை மிதிக்காமல் தாண்டுகிறாள் வெர்லீன். பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவள் வேலை. இடது கையில் ‘நில்’ பலகை, வலது கையில் யாரோ ஒரு குழந்தையின் விரல். சாலையின் நடுவே ஓடும் மஞ்சள் கோடு வந்ததும் காலைச் சற்றே தூக்கிப் போடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை விளையாட்டென்று எண்ணி அவளைப் போலவே குதிக்கின்றன. பெரிய உடம்பு, ஆரஞ்சு அங்கி, பையில் புதினா மிட்டாய். கத்துவதில்லை. “மெல்ல கண்ணு, கார் எங்கயும் ஓடிடாது” என்பாள்.

கோடுதான் மாநில எல்லை. இந்தப் பக்கம் கென்டக்கி. பள்ளியும் மருந்துக்கடையும் அவள் வீடும் இங்கே. அந்தப் பக்கம் டென்னஸி. பெற்றோர் கார்களை நிறுத்தும் தேவாலயத் திடலும் சைஸ்மோர் மளிகையும் அங்கே.

பதினோரு வருடங்களுக்கு முன் அவள் மகன் டெரல் அந்த மளிகை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தான். கொள்ளையடிக்க உள்ளே போன சித்தி மகன் கடைக்காரர் கிழவர் சைஸ்மோரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். டென்னஸியில் கொள்ளைக்குக் கூட வந்தவனுக்கும் அது முதல்நிலைக் கொலைதான். இருவருக்கும் ஆயுள். கடை கோட்டுக்கு இந்தப் பக்கம், கென்டக்கியில், இருந்திருந்தால் டெரலைக் கொள்ளைக்குத் தண்டித்திருப்பார்கள்; கொலை என்று சொல்லுமுன் அவன் மனதில் என்ன இருந்தது என்று தனியாகக் கேட்டிருப்பார்கள்.

பால் லாரி ஓட்டும் டப் ஒருநாள் ஜன்னலை இறக்கினான். “என்ன வெர்லீன், கோட்டை மிதிச்சா ஷாக் அடிக்குமா?”

“அடிச்சுது. எம்மவனுக்கு.”

அதன்பின் அவன் கேட்டதில்லை.

சட்டத்தைத் திருத்த டென்னஸி தலைநகர் நாஷ்வில்லில் ஒரு மசோதா நாளை சட்டமன்றக் குழு முன் வருகிறது. நிறைவேறினால் டெரல் வழக்கை மறுபடி எடுப்பார்கள். வெர்லீன் பேசப் போகிறாள். சாலை காலியாக இருக்கும்போது உதடு அசைகிறது. பலகையிடம் சொல்லிப் பார்க்கிறாள்.

இன்று பிள்ளைகள் போனபின் மருந்துக்கடையிலிருந்து சைஸ்மோரின் மனைவி ஒலீட்டா வந்தாள். மளிகையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். கைத்தடி, மருந்துப் பை. வெர்லீன் பலகையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள்.

“நாளைக்கு நாஷ்வில் போறியாமே.”

“ஆமா, மிஸ் ஒலீட்டா.”

“நானும் வர்றேன். திருத்த வேணாம்னு சொல்லத்தான்.”

“தெரியும்.”

“எம்மேல கோவம் இல்லியா ஒனக்கு?”

“ஒங்க வீட்டுக்காரர் போனது நெசம். எம்மவன் கார்லயே இருந்ததும் நெசம். நீங்க ஒங்களுதச் சொல்லுங்க, நான் எங்களுதச் சொல்றேன்.”

கிழவி கோட்டருகே மூச்சு வாங்கி நின்றாள். பிறகு தடியை ஊன்றி ஊன்றி நடந்தாள். பின்னால் டப்பின் லாரி ஒலி எழுப்பியது. அதன் பின்னால் இன்னொன்று.

வெர்லீன் பலகையை இறக்கவில்லை. மஞ்சள் கோட்டின் மேல் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றாள், கிழவி அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறும்வரை.