பெட்டிக்குள் நான் வைத்த திருநீறு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் போன வருடப் பனிக்காலத்தில், கீழ்வீட்டு ஹெல்கா, பனியில் கால் புதையாத அகலமான சப்பாத்தை எனக்கும் மாட்டிவிட்டு, பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ஜி.பி.எஸ். கருவி காட்டிய இடத்தில், யாரோ மரவேருக்குள் ஒளித்த பெட்டியைத் தேடும் விளையாட்டு அது. பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் குறிப்புக் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். நான் ஒரு சின்ன மணியை எடுத்தேன். வைக்க என்னிடம் கோயில் திருநீற்றுப் பொட்டலம்தான் இருந்தது. எடுப்பவர் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்து, கூச்சத்தில் ஹெல்காவுக்குத் தெரியாமல் வைத்தேன். பெயர் எழுதவும் கூச்சம். அவர் மட்டும் எழுதினார்.

மறுநாள் பெட்டியில் வெள்ளைத் தூளைக் கண்டு, நஞ்சோ என்று பயந்து யாரோ பொலிசைக் கூப்பிட, பூங்காவையே மூடிவிட்டார்கள். கொப்பியில் பெயர் இருந்ததால் ஹெல்காவை விசாரித்தார்கள். தூள் எதுவும் வைக்கவில்லை என்று அவர் சொன்னதை நம்பவில்லையாம். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. படியில் அவர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் மகளிடம் சொல்லி அழுதேன்.

"ஐயோ அம்மா, திருநீறோ! எழும்புங்கோ, பொலிசுக்குப் போவம்."

"எனக்குப் பயமா இருக்கு பிள்ளை."

"ஹெல்காவுக்குப் பயமில்லையே?"

பொலிசில் இன்னொரு பொட்டலத்தைக் கொடுத்து, என் நெற்றியையும் காட்டினேன். நம்பினார்கள். ஹெல்கா கோபிக்கவில்லை. "என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பெட்டி தேடப் போனால் பொத்தான்தான் கொண்டுபோகிறேன். வைக்குமுன் அவரிடம் காட்டுகிறேன். கொப்பியில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் நானே எழுதுகிறேன்.