பலனில்லாத ஊசிக்குக் கிடைத்த பரிசு

கருத்தரிப்பு ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘கதவக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கருக்களை வளர்க்கும் இன்குபேட்டரின் கதவை யாராவது தேவைக்கு மேல் திறந்து வைத்திருந்தால் போதும், “கதவைச் சாத்துங்க, உள்ளே உசுரு இருக்கு” என்று அறை அதிரக் கத்துவாள். பவுடர், சென்ட் எதுவும் போடாமல், தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, நுண்ணோக்கியே கதியென்று கிடப்பவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினாள். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் ஒரு குறிப்பிட்ட ஊசியைப் போட்டால், அது தங்கும் வாய்ப்பு கூடுவதுபோலத் தெரிகிறது என்பது அதன் சாரம். சோதனையில் கலந்துகொண்ட பெண்கள் கொஞ்சம் பேர்தான். ‘பெரிய அளவில் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது’ என்று கடைசிப் பத்தியில் அவளே எழுதியிருந்தாள்.

சொன்னபடியே பல மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகச் சோதித்தாள். இளமையின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று தெரிந்தது. போட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். அதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டாள்.

இந்த இரண்டாவது கட்டுரையை ஒருவரும் சீந்தவில்லை. முதல் கட்டுரையோ தீயாய்ப் பரவியது. அந்தத் துறையில் யார் எதை எழுதினாலும் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்தக் கடைசிப் பத்தி மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

ஒருநாள் துறைத் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

“அதிகமா மேற்கோள் காட்டின கட்டுரைக்கான பரிசு இந்த வருஷம் உனக்குத்தாம்மா. நம்ம துறைக்கே பெருமை.”

“எந்தக் கட்டுரைக்கு, சார்?”

“இதென்ன கேள்வி? ஊசிக் கட்டுரைக்குத்தான்.”

“அந்த ஊசியால பலன் இல்லைன்னு நானே எழுதிட்டேனே!”

“அப்போ பார்த்ததை அப்போ எழுதினே, அவ்வளவுதான். போனோமா, வாங்கினோமான்னு வா. மேடையில நின்னு குட்டையைக் குழப்பாதே.”

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், கூடத்துச் சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் நாத்தனார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவளுக்கு. கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. நெற்றியைத் தொட்டால் அனலாய்க் கொதித்தது.

“என்னம்மா இப்படிச் சுடுது?”

“ஒண்ணுமில்ல அண்ணி, ஊசி போட்டிருக்காங்க. இந்த வாரம் கருவை வைக்கப் போறாங்க. தங்கினப்புறம் சொல்லலாம்னு மூச்சு விடாம இருந்தேன்.”

“எந்த ஊசி?”

“உங்க ஊசிதான்! ஆஸ்பத்திரி வாசல்லயே உங்க பேரைப் பெருசா எழுதி மாட்டியிருக்காங்க. ‘எங்க அண்ணியாக்கும்’னு நர்ஸ்கிட்ட பீத்திக்கிட்டேன்.”

“அது வேலை செய்யாதும்மா” என்று கதவக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

நாத்தனாரின் முகம் சுண்டிப் போயிற்று. “இதைச் சொல்ற நேரமா அண்ணி இது?”

கரு தங்கவில்லை. ஊசி போடாவிட்டாலும் தங்காமல் போயிருக்கலாம் என்பது கதவக்காவுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் எல்லோரும் அவள் வாயைத்தான் குறை சொன்னார்கள். “கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம் நீ” என்றார் கணவர். நாத்தனார் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது கட்டுரையை எடுத்துக்கொண்டு நேரே அந்த மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் எழுந்து நின்று வரவேற்றார்.

“மேடம், நான் உங்க பரம ரசிகன்!”

“அப்படின்னா இதைப் படிங்க.”

“படிச்சிருக்கேன் மேடம். ஆனா ஊசி இல்லாம அனுப்பினா, ‘இவர் ஒண்ணுமே செய்யலை’ன்னு வேற இடத்துக்குப் போயிடுறாங்க. முதல் கட்டுரை நம்பிக்கை குடுக்குது. இது என்ன குடுக்குது?”

“உண்மையைக் குடுக்குது.”

“டீ சொல்லட்டுமா மேடம்?” என்றார் அவர்.

பரிசு வாங்கிய மேடையிலேயே, “இந்தக் கட்டுரையை நம்பி இனிமே யாருக்கும் ஊசி போடாதீங்க” என்று சொன்னாள். அரங்கமே கைதட்டியது. “என்ன ஒரு தன்னடக்கம்!” என்று நெகிழ்ந்தார் தொகுப்பாளர். பொறுக்க முடியாமல், முதல் கட்டுரையை மறுத்து ஒரு பத்திரிகைக்கு எழுதினாள். மறுப்பதற்கும் அதை மேற்கோள் காட்டித்தானே ஆகவேண்டும்? “எண்ணிக்கையில இன்னொண்ணு கூடிடுச்சு போல!” என்று துறைத் தலைவர் சிரித்தபோது அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெகுநாள் கழித்து நாத்தனாரே போன் செய்தாள்.

“அண்ணி, வேற டாக்டர்கிட்ட மாறிட்டேன். அவரும் எடுத்த எடுப்புல அந்த ஊசியைத்தான் சொன்னார். வேண்டவே வேண்டாம்னுட்டேன்.”

“நல்ல வேலை பண்ணினே!”

“யார் சொன்னதுன்னு கேட்டார். அதை எழுதின எங்க அண்ணியே சொன்னாங்கன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“உங்க அண்ணி அந்தக் கட்டுரையைச் சரியா படிக்கலைன்னு சொன்னார்.”

சொல்லிவிட்டு நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். கதவக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, “கருவை என்னைக்கு வைக்கிறாங்க? நானும் கூட வரேன்” என்றாள்.

“வாங்க அண்ணி. ஆனா டாக்டரோட சண்டை போடக்கூடாது.”

அதற்கு மட்டும் அவள் வாக்குக் கொடுக்கவில்லை.