பத்து நாள் பார்த்த கடைசி வரி

முத்தியால்பேட்டையிலிருந்து பையோடு நடந்து ரெட்டியார்பாளையத்தைத் தொட்டபோது வெயில் ஏறியிருந்தது. பட்டறை முதலாளி பாய் காலையில்தான் என்னைப் போகச் சொன்னார். வேலையோடு, பட்டறைக்குள் படுத்துக்கொண்டிருந்த இடமும் போனது.

இறால் குளங்களில் காற்றடிக்கும் மோட்டாரை இயக்கும் சின்ன போர்டுகளைப் பாய் செய்கிறார். லேப்டாப்பில் எழுதும் புரோகிராமை, போர்டிலுள்ள சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு கம்பைலர் வேண்டும். அந்தப் பழைய சிப்புக்கு ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. நாமே கட்டியாக வேண்டும். பத்தாவதோடு நின்றவன் நான். எங்கோ ஒருவர் செய்ததைப் பார்த்ததை வைத்துக்கொண்டு, தெரியும் என்று சொல்லிச் சேர்ந்தேன்.

பத்து நாளும் கம்பைலரைக் கட்டும் வேலை ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓடி, முடியாமல் நின்றது. லேப்டாப் பாயின் மச்சான் பிரான்சிலிருந்து கொடுத்தனுப்பியது. கொடுத்தவர் வைத்தபடியே இருக்கட்டும் என்று பாய் மொழியை மாற்றவிடவில்லை. பிழைச் செய்தியெல்லாம் பிரெஞ்சில் வந்தது. கடைசி வரியை மட்டும் போனில் படமெடுத்து, அதையே இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கொடுத்த ஆட்டோக்காரர் பிரான்சில் ஓட்டல் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பியவராம். படத்தைக் காட்டினேன்.

"எங்க மொசியே படிப்பாரு, குடு குடு" என்று, வெள்ளைக்காரத் துரையைச் சொல்வதுபோல் அவரைச் சொல்லி மற்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

"நின்னுட்டேன்னு போட்டிருக்கான். அவ்ளோதான்" என்றார் அவர்.

"ஏன் நின்னுதுண்ணே?"

"அத மேல சொல்லியிருப்பான். வண்டி நின்ன எடத்த போட்டோ புடிச்சா, ஆணி எங்க குத்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?"

சீக்கிரம் முடியட்டும் என்று, கட்டும் வேலையை நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தேன். ஒன்று பிழையில் விழுந்த பிறகும் மற்ற மூன்றும் திரையில் வரி வரியாக எழுதிக்கொண்டே போயிருக்கும். உண்மையான பிழை எங்கோ மேலே கிடந்திருக்கும்.

பாயை போனில் கூப்பிட்டேன்.

"போனவன் போனவனாவே இரு தம்பி."

"ஒரே தடவ பாய். லேப்டாப்புல ஸ்கிரீன மேல தள்ளிக்கினே போங்க. பிழைன்னு மொதல்ல வர்ற எடத்த போட்டோ புடிச்சு அனுப்புங்க."

அனுப்பினார். ஆட்டோக்காரர் படித்துச் சொன்னார்: ஏதோ ஒரு கட்டளையைக் காணவில்லையாம். பெயரைப் பார்த்தேன். கம்பைலரின் கையேட்டைத் தயாரிக்கும் சின்ன புரோகிராம். யாரும் படிக்கப்போகாத கையேடு. அந்தப் புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றுவதற்கான வரியைப் பாய்க்கு அனுப்பி, மறுபடி ஓடவிடச் சொன்னேன்.

சாயங்காலம் அவரே பேசினார். "முடிஞ்சிடுச்சு. போர்டு ஓடுது." பிறகு சொன்னார்: "தெரியாதுன்னு மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா உக்காந்து பாத்திருப்போம். நல்லா இரு தம்பி."

மறுநாள் காலை கோரிமேட்டில், ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் பஸ் இறங்கும் இடத்தில், ஒரு டிபன் கடையில் ஆள் கேட்டார்கள். தோசை ஊற்றத் தெரியுமா என்றார் கடைக்காரர். தெரியாது என்றேன். பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார்.