அக்கா வீட்டு லேப்டாப்பைத் துடைத்த நாள்

விற்கப்போகிற லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்துத் தர வேண்டும் என்று அக்கா என்னை ஊட்டிப் பக்கத்தில் அவள் ஊரான இத்தலாருக்குக் கூப்பிட்டாள். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரோடு மாரடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைப்பா என்ற எரிச்சலோடுதான் பஸ் ஏறினேன். மச்சான் காரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போயிருந்தார். அவர்கள் மகள் ஊட்டிக்குப் போயிருந்தாள். அக்கா மட்டும்தான் வீட்டில்.

எங்கள் செக்‌ஷனில் பழைய கம்ப்யூட்டரை வெளியே அனுப்பும் முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, டிரில் வைத்து ஓட்டை போட்டுவிடுவோம். அதோடு விஷயம் முடிந்தது. வீட்டுச் சாமானை அப்படிச் செய்ய முடியாது, வாங்குகிறவர் அதை உபயோகிக்க வேண்டும்.

வாங்கப்போவது யார் என்பதில்தான் சிக்கல். அக்கா மகளுக்குக் குன்னூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி அப்போதுதான் காலேஜ் சேர்ந்திருந்தான். பெண்ணுக்கு ஆபீசில் புது லேப்டாப் கொடுத்ததைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா, பழையதை எங்களுக்கே கொடுத்துடுங்க, சும்மா வேண்டாம், விலைக்கே எடுத்துக்கறோம் என்று சொல்லிவிட்டார். இந்த மலையில் பழைய சாமான் வாங்குகிறவர் யாரும் அந்நியராக இருப்பதில்லை. முடியாது என்றால், ஏன் என்று யோசிப்பார்கள்.

அந்த லேப்டாப்பில் அக்கா மகளின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள் இருந்தன. சின்ன வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது, கடைசியாக வந்து வெகுகாலமாகிறது. சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லவில்லை. தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அக்காவுக்குப் பயம். எனக்கு அந்த மறைப்பு பிடிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன். "நீ ஒரு பொண்ணப் பெத்திருந்தாத் தெரியும்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

"நானே எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன் தம்பி. அந்தக் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியாச்சு. நீ ஒருக்கா பாத்துப்போடு, போதும்" என்றாள்.

நான் அழிந்த ஃபைலைத் தேடி எடுக்கும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் திரையில் ரிப்போர்ட் வந்து நின்றது. மேலே மகளின் பெயர், கீழே நோயின் பெயர்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அழிச்சேனேடா."

"பேர்ப்பலகையக் கழட்டிட்டா ஊடு காலின்னு அர்த்தமாக்கா? உள்ள ஆளு அப்படியே இருக்கறாங்க."

"அப்ப அந்தப் பையன் பாத்திருப்பானா?"

"தேடினா பாத்திருப்பான்."

மெயிலிலிருந்து வெளியே வந்தேன். பிரவுசர் ஞாபகம் வைத்திருந்த பாஸ்வேர்டுகளை நீக்கினேன். பிறகு பையிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். ரிப்போர்ட்டெல்லாம் காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டதற்கு அக்கா இல்லை என்றாள். இங்கே மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் காகிதமும் பூசணம் பிடித்துவிடும். அதனால் முக்கியமானதை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, நைந்த காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவார்கள். அக்காவும் அதைத்தான் செய்திருந்தாள். முதலில் வைத்தியம் பார்த்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஆக, ஆரம்பகாலத்து ரிப்போர்ட்டுகள் இருந்தது அந்த லேப்டாப்பில் மட்டும்தான்.

"இதுல ஏத்தி வெச்சுக்கலாம்க்கா."

"வேண்டாம். அது எங்கியாச்சும் கெடந்து எவங் கையிலயாச்சும் மாட்டும்."

"டாக்டர் கேட்டா?"

"இப்பத்த சீட்டு அவகிட்ட இருக்குது. அது போதும்."

"அவளக் கேட்டியா?"

"அவள எதுக்குக் கேக்கோணும்?"

எனக்குக் கோபம் வந்தது. எப்படியோ போ என்று பென் டிரைவைப் பைக்குள் போட்டேன். ரீசெட்டில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சட்டென்று முடியும், ஆனால் தெரிந்தவன் தோண்டினால் கிடைத்துவிடும். இன்னொன்று, இருந்ததன்மேல் வேறு எதையோ எழுதி மூடிவிடும், பிறகு யார் தலைகீழாக நின்றாலும் வராது. இரண்டாவதை அழுத்தினேன். பழைய டிஸ்க், மணிக்கணக்காக இழுத்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. அடித்த காற்றில் கற்பூர மரம் ஏதாவது ஒயர்மேல் சாய்ந்து கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடுமே என்று எனக்குக் கவலை. அக்கா எதிரே உட்கார்ந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்தான் அழித்து முடிந்தது. எந்த மொழி வேண்டும் என்று புது மிஷின் போலக் கேட்டுக்கொண்டு நின்றது. அக்கா சாமி படத்துக்கு விபூதி வைத்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில்தான் மகள் வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"என்ற ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சீங்களா மாமா?"

"இல்ல. உங்கம்மா வேண்டான்னுட்டா."

"அய்யோ. அவரு கேட்டாருங்க மாமா."

"எவரு?" என்றாள் அக்கா.

"அவருதாம்மா. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டேன். கட்டிக்கப்போறவருகிட்ட மறைக்கறதா? கோயமுத்தூர்ல நல்ல டாக்டரு ஒருத்தரு இருக்கறாராம், காட்டலாம், ஆரம்பத்துல இருந்து இருக்கறதையெல்லாம் எடுத்துட்டு வான்னாரு."

"அவங்கம்மாவுக்கு?"

"அவரே சொல்லிட்டாராம்."

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். ரிப்போர்ட் அழிந்துபோனதைச் சொன்னாள். "இல்லீங்க, இனி வராதுங்கறாரு மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"பேப்பர் இல்லாட்டிப் போகுது, அத்தைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அத்தை சொல்லட்டும், எழுதிக்கறேன்னு சொல்றாரு."

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதுவரை அவள்மேல் இருந்த கோபம் போய் எனக்குப் பாவமாக இருந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"மாப்பிள்ளைங்களா," என்றாள். "ஏழாவது படிக்கறப்பங்க. ஸ்கூல்ல பிரேயருக்கு நின்னுட்டு இருந்திருக்கறா. நான் ஓடிப் போறப்ப, டீச்சரம்மா அவ தலையத் தூக்கி மடியில வெச்சிருந்தாங்க."