வீட்டுக்கு என்ன வயது?

வீட்டுக்குப் படம் போடுகிறவன், இன்னும் எழும்பாத சுவர்களுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழிக்கிறான். ரங்கூனில் வெகுகாலம் அப்படிக் கழித்துவிட்டுத் திருவனந்தபுரம் திரும்பினேன். அங்கே வீடென்றால் மரம், ஆணி, வாடகை. இங்கே வீடு பிறக்கும், வளரும், மூப்படையும். வீடு கட்டி அவதிப்பட்ட உங்களுக்குத் தெரியாததா?

சுண்ணாம்புக் கோடு

ஆரியசாலையில் கயிற்றுக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, அப்பா விட்டுப்போன மனையில் தம் பாதியில் வீடு கட்ட என்னிடம் வந்தார். மறுபாதியில் தம்பி குடியிருந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நடுவே ஓலை வேலி.

மண்ணில் சுண்ணாம்பால் அறைகளை வரைந்து காட்டினேன். மழை விட்ட வெயிலில் கோடுகள் மிதப்பதுபோல் இருந்தன. அண்ணாச்சியின் மனைவி ஒரு கோட்டையும் மிதிக்காமல், வாசலுக்கு விட்ட இடைவெளி வழியே நுழைந்தார். முற்றம் வரப்போகும் இடத்தில் நின்று வெகுநேரம் வானத்தைப் பார்த்தார்.

"ஏளா, சுவரா இருக்கு? குறுக்க வாயேன்" என்றார் அண்ணாச்சி.

"இப்பமே பழகிக்கிடுதேன். பொறவு முட்டிக்கிடக் கூடாதுல்லா."

ஆசாரியின் கோல்

மலையாளத்து மூத்தாசாரி கோலை வைத்துச் சுற்றளவு பார்த்தார். இங்கே அதை வைத்துத்தான் வீட்டுக்கு வயது: பால்யம், கௌமாரம், யௌவனம், முதுமை, மரணம். அளவு மரணத்தில் விழுந்தால் யாரும் குடியேற மாட்டார்கள்.

"மரணமாணு, சாரே!" என்றார் ஆசாரி. வெண்கலத் தொண்டை. வேலிக்கு அப்பால் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

அகலத்தில் இரண்டு முழம் கூட்டினால் பால்யம் என்று அதே குரலில் கணக்குச் சொன்னார். ஆனால் அந்த இடம் தம்பியுடையது. இரண்டு முழம் குறைத்தால் முதுமை. ஆனால் முற்றம் போய்விடும். அந்த அம்மாள் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"குறைச்சிருங்கய்யா. கிழட்டு வீடே போதும். அவன் வாசல்ல போயி நிக்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

வேலி

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் வேலி நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் வெறும் குழிகள், குழிகளில் மழைநீர், நீரில் துண்டு துண்டாக வானம். தம் பக்கமாக இரண்டு முழம் தள்ளி, கடைசிக் கழியைத் தம்பி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணனோடு பேசியாச்சா?" என்றேன்.

நிமிரவில்லை. "பேசல. பேசவும் மாட்டேன். அதுக்காவ எங்கண்ணன் கிழட்டு வீட்டுல, மரணத்துக்குப் பக்கத்துலயா குடியிருக்கணும்?"

சாஸ்திரப்படி அந்த வீட்டுக்கு இன்றும் பால்யம்தான். வேலிக்கு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் அதே வயதுதான் என்பதைக் கோல் இல்லாமலே சொல்லிவிடுவேன்.