மூன்று செம்புப் புள்ளிகள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிழைகளும் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள்.

நேற்று எங்கள் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு கீறலைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் பளபளக்க, கீறலில் மட்டும் துரு. தடவி முகர்ந்தேன். அந்த வாசனை எங்கள் ஊர் ஈட்டியை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

பன்றி வேட்டைக்கு ஊர்ப் பொதுவில் இருந்த ஈட்டி. அப்படி ஒரு எஃகு இனிக் கிடைக்காது என்பார்கள். ஆனால் மலைப் பனியில் துருவேறிக்கொண்டே இருந்தது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்த கொல்லர் ஒருவர் மேலே செம்புப் பூச்சு ஏற்றித் தருவதாகச் சொன்னார். முனையில் சூடேறாமல் ஈரக் களிமண் பொதிந்தார். மற்ற உடம்பில் செம்பு ஒட்டிப் பிடிக்க வெங்காரப் பொடி தூவி, செம்புத் தகடு சுற்றி உலையில் வைத்தார்.

கீழே இருந்து வருகிறவரை நாங்கள் லேசில் நம்ப மாட்டோம். எஃகை மாற்றிவிட்டு மட்ட இரும்பைச் செம்பால் மூடிவிட்டால்? காவலுக்கு என்னை உட்காரவைத்தார்கள். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. அதிகம் பேசாதவனுக்குப் பார்வையாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நானோ உலைச் சூட்டில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது செம்பு ஏறி ஈட்டி ஆறிக் கிடந்தது. கொல்லர் ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பழைய ஈட்டியின் அடியில் மூன்று குழிகள் உண்டு. அவருடைய அரத்தை எடுத்து அந்த இடத்தை ராவினேன். வெள்ளை எஃகு தெரிந்தது. அதில் மூன்று செம்புப் புள்ளிகள். குழிகளில் செம்பு இறங்கி நின்றிருந்தது. எங்கள் ஈட்டியேதான். அவசரமாகக் கரியைத் தேய்த்து மறைத்தேன்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல நல்லாத்தான் மினுக்குது. உள்ள என்னத்த வெச்சிருக்கீங்களோ!"

"கடிச்சுப் பாருங்க, பல்லு சொல்லும்" என்றார் கொல்லர். எல்லோரும் சிரித்தார்கள், கவுண்டரைத் தவிர.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, நீதான கூடவே இருந்த? இது நம்முளுதுதானா?"

ஆமாம் என்றால் எப்படித் தெரியும் என்பார். தூங்கியதையும் ராவியதையும் சொல்ல வேண்டும்.

"தெரியலீங்க" என்றேன்.

"அப்ப இனிமே நீங்க மலையேற வேண்டாமுங்க" என்றார் கவுண்டர் கொல்லரிடம்.

கொல்லர் என் கையையே பார்த்தார். நகத்தில் செம்புத்தூள். விரல்களை மடக்கிக்கொண்டேன். அவர் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார். கண்டுபிடித்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. துரு கிளம்பி, செம்புக்கு அடியிலேயே பரவி, ஈட்டி ஒடிந்தது. "பாத்தீங்களா, மட்ட இரும்பு!" என்றது ஊர். நானும் தலையாட்டினேன்.

இப்போது ஈட்டியும் இல்லை, கவுண்டரும் இல்லை. மலையேறி வரும் கொல்லரும் இல்லை. அந்தத் துரு கிளம்பியது நான் ராவிய இடத்தில்.

சுபானு வருஷம், தை எட்டாம் தேதி.