தாங்கலுக்கு வந்த விருந்தாளி

எங்கள் தெரு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால், நகரம் ஓடிவந்து மூச்சு வாங்க நின்ற இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் தாங்கல். ஏரி என்று பெருமையடிக்க முடியாது. மழைக்கு நிரம்பும், மாசியில் பாதியாகும், ஓரமெல்லாம் சம்பங்கோரை ஆளுயரம் நிற்கும். சித்தப்பா ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்கு வந்ததே கிடையாது. தாங்கலில் ஒரு முங்கு போட்டு, மெஷின் சத்தம் காதை விட்டுப் போகும்வரை கரையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். போகிற வழியில் என்னையும் கூட்டிக்கொள்வார். இன்று பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஏரி தேடி ஓடுகிறேனே, அந்தக் கரையில் பிடித்த கிறுக்குதான் எல்லாம்.

ஒருநாள் தாங்கலைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டிருந்தார்கள். மனை போடப் போகிறார்களாம். சித்தப்பா வீடு வீடாக ஏறி ஆள் சேர்த்தார், அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். கடைசியில் ஒரு பெண் அதிகாரி நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். பறவைகள் தங்குகிற இடம்தான் என்று அவர் கண்ணால் கண்டு சொன்னால் தாங்கல் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த மழை அங்கே மொட்டைமாடிகளில்தான் பெய்யும்.

தெரு மொத்தமும் சித்தப்பா பக்கம். அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஆதரவு என்றால் பந்தல், நாற்காலி, பேனர், பிரியாணி. எதிர்வீட்டு பாய் மாமா தேக்சாவை இறக்கினார். அதிகாரியின் காலில் சேறு படக்கூடாதென்று பெண்கள் ஒரு பக்கத்துக் கோரையை அறுத்துத் தள்ளிக் கோலமே போட்டுவிட்டார்கள்.

“அவங்க பறவையப் பாக்க வராங்கபா, நம்மள இல்ல. கம்முனு இருந்தா போதும்” என்று சித்தப்பா கெஞ்சினார்.

“என்னாபா பேசுற? ஆபீசர் வரும்போது வேட்டு இல்லன்னா மரியாதையா இருக்குமா? கல்லு நட்டவன் சிரிப்பான்” என்றார் சொல்தா தாத்தா. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரல்லவா எங்களுடையது, அவர்கள் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அன்று மெடல்கள் அத்தனையும் சட்டையில் தொங்கின.

ஜீப் தெருமுனையில் திரும்பியதும் சரவெடியைக் கொளுத்திவிட்டார்.

தாங்கலே எழுந்து பறந்தது. கொக்கு, நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ! கோரைக்குள் இவ்வளவு இருந்தது சித்தப்பாவுக்கே தெரியாது. நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். கண்ணாடி ஏற்றிய ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கியபோது புகை மட்டும் மிச்சமிருந்தது.

பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பைனாகுலரால் வெறும் தண்ணீரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “பறவைங்க எங்க சார்?” என்றார்.

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. “கொஞ்சம் இருங்க மேடம். வந்துடும். அதுங்க ஊடு இது.”

சொல்தா தாத்தா மெடல்கள் கிலுங்காமல் கையால் பொத்திக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “சிலான்ஸ்!” பிரெஞ்சு தெரியாத தெருவுக்கும் அது புரிந்தது. தாலி கட்டும் நேரத்தில்கூட வாய் ஓயாத சனம் கரையில் வரிசையாக உட்கார்ந்தது. பாய் மாமா கரண்டி தேக்சாவில் இடிக்காமல், பச்சைக் குழந்தைக்கு மருந்து ஊட்டுவதுபோலப் பிரியாணி பரிமாறினார். சிணுங்கிய பிள்ளைகளை அம்மாக்கள் தூக்கிக்கொண்டு தூரமாகப் போனார்கள்.

வெயில் சாய்ந்தது. கோரையோரம் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு முக்குளிப்பான் தலையை நீட்டியது. அப்புறம் ஒரு கொக்கு. அப்புறம் கூட்டம் கூட்டமாக. ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அதிகாரி பைனாகுலரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ நீர்க்கரைகளில் தனியாக உட்கார்ந்துவிட்டேன், எத்தனையோ அபூர்வப் பறவைகளைப் பார்த்துவிட்டேன். ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் மட்டும் எங்கும் அகப்படவில்லை.

கிளம்புமுன் அதிகாரி சித்தப்பாவைத் தனியே அழைத்தார். நான் சித்தப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாங்கலைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் சுற்றிலும் வேலி வரும். ஆடு மாடு, குளிக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், யாரும் உள்ளே போக முடியாது, சம்மதமா என்று கேட்டார்.

“சரிங்க மேடம்” என்றார் சித்தப்பா. யோசிக்கவே இல்லை.

சனம் நுனிக்காலில் கரையேறிப் போனது. தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் கூச்சலும் விசிலும் வெடித்தன. சித்தப்பாவைத் தோளில் தூக்க ஆட்கள் தேடினார்கள். அவர் பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. இன்னும் வராத பறவைகளுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பிறகு பொறுமை போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருட்டுது, வா சித்தப்பா. மிச்சத்த நாளைக்கு வந்து பாத்துக்கலாம்.”